சாயங்காலத்துக்கு ஒரு ஆள்

எங்கள் தெரு சலூன்காரருக்கு வியாதி சாயங்காலம் மட்டும்தான் வரும் என்று ஒரு பேச்சு. காலையில் ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பாராம். பொழுது சாய்ந்தால் கண் சொருகி, தலை தொங்கி, நாக்கு குழறி, பெண்டாட்டி தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டிவிட வேண்டுமாம்.

பேச்சைக் கிளப்பியவர் மருந்துக்கடைக்காரர். வேறு யாராவது சொல்லியிருந்தால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். இவர் மாத்திரை விற்கிறவர், அதுவும் அந்த மனிதருக்கே விற்கிறவர்.

"காலையில கடையைத் திறக்கறப்ப அந்த இரும்பு ஷட்டரை ஒத்தக் கையால மேல தள்றாரு சார். நான் என் ஷட்டரை ரெண்டு கையையும் போட்டு முக்கறேன். சாயங்காலம் அதே ஆளு ஸ்பூனைத் தூக்க முடியலங்கறாரு. ஷட்டர் பெருசா, ஸ்பூன் பெருசா? நீங்களே சொல்லுங்க."

"வியாதியா இருக்கலாம் இல்லையா?"

"வியாதின்னா அதுக்கு ஒரு ஒழுங்கு வேணாமா? எங்க மாமியாருக்கு முட்டி வலி. முழிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் வலி, படுத்த பிறகு புலம்பல். அது வியாதி. கடிகாரம் பார்த்து வர்றதுக்குப் பேரு வேலை. உதவித்தொகைக்கு ஒத்திகை பார்க்கறாரு சார், வேற ஒண்ணுமில்ல."

ஷட்டர் பெரியது, ஸ்பூன் சிறியது. இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை. பார்த்துவிடுவோம் என்று மறுநாள் காலை முடி வெட்டிக்கொள்ளப் போனேன்.

சின்னக் கடை. உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது நாற்காலி. சலூன்களில் இருக்கும் ஏறி இறங்கும் நாற்காலி அல்ல. கால்களை அறுத்துக் குட்டையாக்கிய மர நாற்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மார்பைத் தொடும். ஊரில் மதிப்பும் தொப்பையும் உள்ள பெரிய மனிதர்கள் எல்லாம் அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி குறுகி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில், கீழே சக்கரம் வைத்த ஸ்டூலில், சலூன்காரர் உட்கார்ந்தபடியே சுற்றி வருகிறார். தலைகள் அவர் இடுப்பு உயரத்தில் இருக்கின்றன.

"ஏன் இப்படி?" என்றேன்.

"கையை மேல தூக்கினா செலவு. கீழயே வெட்டினா மிச்சம்," என்றார். கத்தரி நிற்கவில்லை. வெளியே தொங்கிய பலகையில் 'மதியம் வரை' என்று எழுதியிருந்தது.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பேசாத சலூன்காரர் என்பதே உலக அதிசயம். பாதிக் கூட்டம் அந்த அமைதிக்காகவே வருகிறது என்று பின்னால் தெரிந்தது. தாடைக்கும் செலவு உண்டு என்பதால்தான் அந்தச் சிக்கனம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று துண்டை உதறும்போது கேட்டேன்.

"இப்ப நல்லா இருக்கேன். நம்பாதீங்க."

"அப்படின்னா?"

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. ஆனா என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. பதில் சொல்ற நிலைமையில நான் இருக்கமாட்டேன்."

வீடு கடைக்குப் பின்னால், இரண்டு அறை. போனபோது அவர் சுவரோரம் நிமிர்ந்து உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். 'வைக்கப்பட்டிருந்தார்' என்பதைக் கவனித்துத்தான் எழுதுகிறேன். இரண்டு இமைகளும் மேலே இழுத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் சின்னத் துண்டால் நெற்றியோடு ஒட்டப்பட்டிருந்தன. கழுத்து தலையைச் சுமக்க மறுத்ததால், மனைவி ஒரு கையால் தாடையைத் தாங்கியிருந்தார். மறு கையில் குழைய வேகவைத்த சாப்பாடும் ஸ்பூனும். காலையில் என் காதோரம் கத்தரியை ஓடவிட்ட கைகள் மடியில் யாரோ மறந்துபோய் வைத்துவிட்டுப் போன கையுறைகள் மாதிரி கிடந்தன.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது. உதடு நடுவில் மேலே போய், ஓரங்கள் போகாமல், பல்லைக் கடித்துக்கொண்டு உறுமுகிற மாதிரி ஆனது. நான் வந்தது பிடிக்கவில்லை போல என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உக்காருங்க, உக்காருங்க. அவர் சிரிக்கறாரு," என்றார் மனைவி. "சிரிப்பு அந்த அளவுக்குத்தான் வரும் இப்ப. எதிர்வீட்டுல ஒருத்தர் இதைப் பார்த்துட்டு, ஏம்மா என் மேல என்ன கோவம்னு சண்டைக்கு வந்துட்டாரு."

விஷயம் இதுதான். நரம்பு சொல்கிற சேதி தசைக்குப் போய்ச் சேருவதில் கோளாறு. ஓய்வெடுத்து எழுந்த காலையில் சேதி ஒழுங்காகப் போகும். உழைக்க உழைக்க வழியில் தொலைந்துபோகும். கண், தாடை, தொண்டை, கை என்று ஒவ்வொன்றாகக் கடையை மூடும். படுத்து எழுந்தால் மறுபடி திறக்கும். வெயிலும் புழுக்கமும் ஆகாது, குளிர்ச்சி நல்லது. பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் பார்த்துக் கண்டுபிடித்து, மாத்திரையும் நீளமான ஒரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை கொஞ்ச நேரம் தாங்கும். பெயர் வாயில் நுழைவதில்லை என்பதால் வீட்டில் அதற்கு 'விருந்தாளி' என்று பெயர்.

"விருந்தாளி வந்தாச்சா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் மனைவியின் தம்பி. தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர். தொண்டையும் வண்டி ஹாரன் மாதிரிதான். "வந்தாச்சு போல. மாமா, வணக்கம். நாளைக்குப் பதில் சொல்லுங்க போதும்."

மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடத்தில் சாயங்கால ஷிப்ட். கடை அரை நாள்தான் ஓடுகிறது. வீட்டு வாடகையை மனைவியின் சம்பளம்தான் கட்டுகிறது. ஆனால் ஊட்டாமல் போக முடியாது. விழுங்குவது தப்பி மூச்சுக்குழாய்க்குப் போய்விட்டால் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். தம்பிக்கு அந்த நேரத்தில்தான் வண்டியில் லோடு. தினமும் அக்கா தாமதமாகப் போய், மேற்பார்வையாளர் கடைசியாகச் சொல்லிவிட்டாராம்: இந்த மாதக் கடைசிக்குள் நேரத்துக்கு வர வழி பார், இல்லாவிட்டால் வேறு வேலை பார்.

"காசுகூட அப்புறம்," என்றார் மனைவி. "எங்களுக்கு சாயங்காலத்துக்கு ஒரு ஆள் வேணும். ஊட்டிவிட்டு, நான் வர்ற வரைக்கும் பக்கத்துல இருக்க ஒரு ஆள். அரசாங்கத்துல துணையாள் சேவைன்னு இருக்கு. இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க இருக்குன்னுதான் தெரியல."

தேடிய கதையை அவர் சொன்னார். நான் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டும் குழம்பினேன். அலைந்தவர் குழம்பாமல் சொன்னார்.

"மொதல்ல கை கால் பிரிவுக்குப் போனோம். கையும் இருக்கு, காலும் இருக்கு, எதுக்கு வந்தீங்கன்னாங்க. கண்ணு மூடிக்குதுங்கன்னேன். அப்ப பார்வைப் பிரிவுக்குப் போங்கன்னாங்க. அங்க போனது காலையில. பலகையில கடைசி வரி பொடி எழுத்தைப் படிச்சதும் இல்லாம, அதுக்குக் கீழ பலகையை அச்சடிச்ச கம்பெனி பேரையும் சேர்த்துப் படிச்சிட்டாரு இந்த மனுஷன்!"

சுவரோரத்திலிருந்து ஓர் உறுமல். சிரிப்பு.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அப்புறம் நாள்பட்ட நோய்ப் பிரிவு. அவங்ககிட்ட பணம் இருக்கு, ஆள் இல்ல. துணையாள் பிரிவுல ஆள் இருக்கு, ஆனா சதவீதம் கேக்கறாங்க. உங்க வீட்டுக்காரருக்கு இயலாமை எத்தனை சதவீதம்னாங்க. இவரு, 'எப்ப?'ன்னு கேட்டாரு. கிண்டலா பண்றீங்கன்னு அந்தம்மா எழுந்து உள்ள போயிடுச்சு."

சதவீதம் போடுகிற மதிப்பீடு காலையில் மட்டும்தான். மதியத்துக்குமேல் கோப்பு வேலை. சாயங்காலம் வரலாமா என்று இவர் கேட்டிருக்கிறார். சாயங்காலம் அவர்களுக்கே முடிவதில்லை என்று பதில். இரண்டு தடவை காலையில் போய், இரண்டு தடவையும் 'உதவி தேவையில்லை' என்று முத்திரை வாங்கி வந்தாயிற்று. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வாரம்.

"அதுக்குத்தான் நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன்," என்றார் தம்பி. "ஆபீஸ் சாயங்காலம் திறக்காது. சரி. சாயங்காலத்தை நாம காலையிலயே கொண்டுபோயிடுவோம்."

"எப்படிடா?"

"ஒரு நாள் வேலை மொத்தத்தையும் விடியறதுக்குள்ள மாமாவைச் செய்ய வெச்சிடணும். விருந்தாளி தானா வந்து நிப்பாரு. அப்படியே அள்ளி வண்டியில போட்டு ஆபீஸ்ல இறக்கிடறேன்."

"மாத்திரையில மட்டும் கை வைக்கக் கூடாது," என்றார் அக்கா உடனே. அது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

மறுநாள் காலை, பேச்சு திரும்பி வந்ததும், சலூன்காரர் செய்த முதல் வேலை மறுத்தது. நானும் அங்கே இருந்தேன். சாயங்காலத்தைப் பார்த்தவன் மறுபடி காலையைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது போல இருந்தது. அதே கை, அதே ஷட்டர், ஒரே தள்ளு.

"மாப்ள, உண்மையைச் சொல்றதுக்கு எதுக்குடா வேஷம்? எனக்கு ஏதோ திருட்டு வேலை பண்ற மாதிரி இருக்கு."

"மாமா, நீங்க உண்மைதான். ஆனா உண்மை சாயங்காலம் வருது, ஆபீஸ் மதியம் மூடுது. நடுவுல ஒரு வண்டி விடறோம். அவ்வளவுதான்."

"இல்லாததையா காட்டப் போறோம்?" என்றார் மனைவி. "இருக்கறதைக் கொஞ்சம் முன்னாடி வரச் சொல்றோம்."

யோசித்துப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர் சொன்ன ஒத்திகை, நடிப்பு, எல்லாம் இங்கே நடக்கிறது. ஆனால் பொய் மட்டும் இல்லை. பொய் இல்லாத மோசடிக்கு என்ன பெயர் என்று தெரியாமலே, அடுத்த வாரம் அந்தத் தண்ணீர் வண்டியில் நானும் தொற்றிக்கொண்டேன்.

தண்ணீர் டிப்போவில் லோடு ஏற்றுகிற ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். இலவச முடிவெட்டு என்று மச்சினன் அறிவித்துவிட்டார். குட்டை நாற்காலி இல்லை. கேன் அடுக்கும் உயரமான மேடைமேல் ஆளை உட்காரவைத்து, சலூன்காரர் நின்றுகொண்டு, கையைத் தலைக்குமேல் தூக்கி வெட்ட வேண்டும். முதல் தலைகளுக்குக் கத்தரி மழை பெய்கிற மாதிரி சத்தம் போட்டது. போகப்போகத் தூறலாகியது. கடைசித் தலையை முடித்தபோது வலது இமை இறங்கியது, பின்னாலேயே இடது. "போ... தும்..." என்ற சொல் மூக்கு வழியாக வந்தது.

"வந்துட்டாருடா விருந்தாளி!" என்று மச்சினன் கத்தினார். விளையாட்டில் ஜெயித்த மாதிரி டிப்போவே கை தட்டியது. ஒரு மனிதன் நொடிந்து உட்காருவதற்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்து நான் பார்த்ததில்லை. கத்தரிப் பையையும் அவரையும் மனைவியையும் கேன்களுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு வண்டி பறந்தது.

இதுவரை எல்லாம் திட்டப்படி நடந்தது. திட்டத்தில் யாரும் யோசிக்காத ஒன்று, அலுவலகத்தின் காத்திருப்புக் கூடம்.

இயலாதவர்களுக்கென்றே கட்டிய கூடம். சாய்ந்தால் முதுகைத் தாங்கும் மெத்தை நாற்காலிகள். சில்லென்ற ஏசி. கண்ணைக் கூசாத விளக்கு. பேசுகிறவர்கள்கூடத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இவ்வளவு வசதியான காத்திருப்புக் கூடத்தை நான் எங்கும் கண்டதில்லை. குறை சொல்ல எதுவுமே இல்லை, அதுதான் குறை. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, கொஞ்சம் காத்திருங்கள் என்று சொன்னார்கள். சலூன்காரர் சாய்ந்து உட்கார்ந்தார். காத்திருப்பு நீண்டது.

மனைவிதான் முதலில் கவனித்தார். "என்னங்க! கண்ணைத் திறக்காதீங்க!"

"நான் திறக்கல. அதுவா திறக்குது."

பேச்சு தெளிவாக இருந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சினன் எழுந்தார். "மாமா, எழுந்திருங்க. மாடிப்படி எங்க இருக்கு? நாலு தடவை ஏறி இறங்குங்க."

மாடிப்படி இல்லை. யாருக்கும் சிரமம் வரக் கூடாது என்று எல்லாவற்றையும் தரைத்தளத்திலேயே கட்டியிருந்தார்கள். சரிவுப் பாதை ஒன்று இருந்தது. அதில் மாமாவை மேலும் கீழும் நடத்தத் தொடங்கினார். காவலாளி ஓடிவந்தார்.

"ஏம்பா, உடம்பு முடியாதவரை இப்படி நடக்க விடறியே, மனுஷனா நீ?"

"இல்லண்ணே, அவரு நடக்கணும்..."

"பேசாதே. ஐயா, நீங்க உக்காருங்க." சக்கர நாற்காலி வந்தது. அதில் உட்காரவைத்து, காலுக்குப் பலகை இறக்கி, ஏசிக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மச்சினனை முறைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். அந்த அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் கடமையில் தவறவில்லை.

பெயர் கூப்பிட்டபோது சலூன்காரர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, விறுவிறுவென்று அறைக்குள் நடந்தார். மதிப்பீட்டு அதிகாரி அதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கொடுமைக்காரர் என்று எழுதினால் எனக்கு வசதி. மனிதர் இடம் கொடுக்கவில்லை. எழுந்து நின்று வணக்கம் சொன்னார், எல்லோருக்கும் நாற்காலி காட்டினார். வேலைப் பளுவில் முடி வெட்டிக்கொள்ள நேரமில்லாமல், காதையும் சட்டைக் காலரையும் மூடி வளர்ந்திருந்தது தலை.

"கையைத் தூக்குங்க." தூக்கினார். "மேல பாருங்க." பார்த்தார். "இந்தத் தண்ணியைக் குடிங்க." கடகடவென்று குடித்தார். தாகம்.

"ஆஸ்பத்திரித் தாள்ல இருக்கறதும் நான் பார்க்கறதும் ஒத்துப்போகலையேம்மா."

"சார், வரும்போது நல்லா இருந்தாரு சார்," என்றார் மனைவி. "அதாவது... மோசமா இருந்தாரு. உங்க ஹாலு சரியாக்கிடுச்சு."

"ஹாலா?"

"ஆமா சார்," என்று புகுந்தார் மச்சினன். "காலையில இருந்து ஒரு டிப்போ ஆளுங்க தலையையே வெட்டவெச்சு, எவ்வளவு கஷ்டப்பட்டு வரவழைச்சோம் தெரியுமா? போயிடுச்சு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வரவழைச்சீங்களா?"

அக்கா தம்பியின் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது, அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது முத்திரை விழப்போகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் சலூன்காரர், வார்த்தையைச் செலவழிக்க யோசிக்கிற அந்த மனிதர், பேசினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் காலையில ஒருத்தன், சாயங்காலம் வேற ஒருத்தன். காலையில இருக்கறவனுக்கு எதுவும் வேணாம், அவன் உழைச்சுச் சாப்பிடுவான். சாயங்காலம் இருக்கறவனால இங்க வர முடியாது, வந்தாலும் பேச முடியாது. அவனுக்காகக் கேக்கத்தான் நான் வந்திருக்கேன்."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "அப்ப மனு யார் பேர்ல?" என்றார். கேலியில்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். பிறகு, "எனக்குப் புரியுதுங்க. ஆனா நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். பார்க்காததை எழுதினா நாளைக்கு நான் உங்க பக்கத்துல வந்து உக்காரணும்," என்றார்.

"அப்ப பாருங்க," என்றார் மனைவி. கத்தரிப் பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். "உங்க தலை எப்படியும் வெட்டற பதத்துலதான் இருக்கு."

"அம்மா, இது ஆபீசு. விதியில இதுக்கெல்லாம் இடமில்லை."

"விதியில தடையும் இல்ல சார்," என்றார் மூலை மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேலை செய்யச் சொல்லிப் பார்க்கலாம்னு இருக்கு. என்ன வேலைன்னு இல்ல." அவரே எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு துணிப் பதாகையை எடுத்து உதறினார். 'எப்போதும் உங்களோடு' என்று துறையின் வாசகம் எழுதிய பதாகை. அதைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியதும் அதிகாரியின் மார்பில் 'உங்களோடு' மட்டும் தெரிந்தது.

சலூன்காரர் தயங்கினார். பிறகு கத்தரியை எடுத்தார். எடுத்தபிறகு தயக்கம் இல்லை. இடப்பக்கம் முழுவதும் அழகாக இறங்கியது. காதுக்கு மேல் வளைவு கோடு போட்ட மாதிரி. அதிகாரிக்கே அது பிடித்துவிட்டது என்பது அவர் தோள் தளர்ந்ததில் தெரிந்தது. டிப்போவில் செலவழித்தது போக மிச்சமிருந்தது அவ்வளவுதான். உச்சந்தலைக்கு வந்தபோது கத்தரியின் சத்தம் இடைவெளி விட்டது. முழங்கை இறங்கியது, அவர் உயர்த்தினார், மறுபடி இறங்கியது. வலது இமை விழுந்தது. வலப்பக்கத்துக்குத் திரும்பிச் சீப்பை வைத்தார். சீப்பு கையிலிருந்து நழுவி 'உங்களோடு'வின்மேல் விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்று திரும்பிய அதிகாரி பார்த்தது, அந்த உறுமலை.

"சிரிக்கறாரு சார்," என்றார் மனைவி. அதற்குள் தாடையைத் தாங்கியிருந்தார்.

அதிகாரி தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "வேணாம் சார்!" என்று தடுத்தார் மனைவி. " இப்ப கொடுத்தா மூக்குல வரும், இல்ல நெஞ்சுக்குப் போயிடும். கொஞ்சம் முன்னாடி குடிச்சாரே, அதே தொண்டைதான்." சலூன்காரரை நீளப் பலகையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு பக்கம் அதிகாரியாகவும் மறுபக்கம் காடாகவும். பிறகு நாற்காலிக்குப் போய் விசைப்பலகையைத் தட்டினார். தட்டினார், அழித்தார்.

"காலைக்கு ஒரு சதவீதம், இந்த நேரத்துக்கு ஒரு சதவீதம் போட்டா கம்ப்யூட்டர் வாங்கமாட்டேங்குது. சராசரி போட்டுடட்டுமா?"

"சராசரின்னா அது மத்தியானம் சார்," என்றார் மனைவி. "மத்தியானம் எங்களுக்கு ஆள் வேணாம்."

மூலைப் பெண் சிரிப்பை இருமலாக மாற்றினார். அதிகாரி திரையில் விதியைத் தேடிப் படித்துவிட்டு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "மதிப்பீடு முடியறப்ப என்ன பார்த்தேனோ அதைத்தான் எழுதணும்னு இருக்கு. கையைத் தூக்கினப்ப மதிப்பீடு நடந்துக்கிட்டு இருந்தது. இப்பத்தான் முடிஞ்சது."

பதில் மாதக் கடைசிக்கு முன்பே வந்தது. உதவித்தொகை இல்லை, காலையில் சம்பாதிக்கிறவராம். துணையாள் உண்டு, சாயங்காலத்துக்கு, அடுத்த மதிப்பீடுவரை. அடுத்த மதிப்பீடும் காலையில்தான்.

துணையாளாக வந்தவர் வாட்டசாட்டமான மனிதர், முன்பு உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். "இன்னும் ஒரு வாய், அண்ணே, ஒரே ஒரு வாய், விடாதீங்க!" என்று அவர் ஊட்டுகிற சத்தம் தெரு முனைவரை கேட்கிறது. மனைவி நேரத்துக்கு வேலைக்குப் போகிறார். முதல் நாள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாராம்.

நான் கண்டதையெல்லாம் மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப நான் சொன்னது சரிதானே? சாயங்காலம் மட்டும்தானே வருது?" என்றார். சரிதான் என்று ஒப்புக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கிளம்பும்போது அதிகாரி சட்டைப் பையைத் தடவி, "எவ்வளவுங்க?" என்று கேட்டார். மனுதாரரிடம் இலவசமாக எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது அவர் விதி. பாதி வேலைக்குக் காசு வாங்கக் கூடாது என்பது சலூன்காரரின் விதி. பேச்சு வராவிட்டாலும் விரலை ஆட்டி அதைச் சொல்லிவிட்டார். மறுபாதியை அதிகாரி அன்றைக்கே வேறு கடையில் வெட்டிக்கொண்டார். அங்கே முழுத் தலைக்குக் காசு வாங்கிவிட்டார்களாம்.

"அந்தப் பாதி என்னோட வேலை. அதுக்கு அவரு காசு கொடுத்திருக்காரு. அப்ப நான்தானே அவருக்குத் தரணும்?" என்கிறார் சலூன்காரர். 'இடப்பக்கத்துக்கு நான்தான் தர வேண்டும்' என்று அதிகாரி துணையாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர் கொடுத்தால் லஞ்சம், அவர் கொடுத்தால் இவர் வாங்கமாட்டார். முடி வெட்டிக் கழித்துவிடலாம் என்றால், அடுத்த மதிப்பீடு முடியும்வரை இந்தக் கடையில் உட்காருவது முறையல்ல என்று அவர் நினைக்கிறார். வேறு கடைக்குப் போனால் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

போன வாரம் கடைத்தெருவில் அதிகாரியைப் பார்த்தேன். முடி இரண்டு பக்கமும் காதை மூடியிருந்தது.